மஸூர்காவுக்கு வேண்டாத கம்பிகள்

சண்டையில் ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்திருந்த காலத்தில் என் மாமா ஒரு பியானோவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி விற்றார். திருட்டு அல்ல. பியானோவின் சொந்தக்காரியே கூப்பிட்டுக் கொடுத்ததுதான்.

மாமாவுக்குக் காஜா பெராங் என்ற இடத்தில் சைக்கிள் கடை. ரயில் பாதை போட அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாமுக்குக் கொண்டுபோன பிறகு, அம்மா புக்கிட் ரம்பாய்ப் பக்கம் மரவள்ளித் தோட்டத்து வேலைக்குப் போனாள். என்னை மாமா வீட்டில் விட்டிருந்தாள். அங்கே வேறு குழந்தைகள் கிடையாது. அத்தை அதிகம் பேசமாட்டாள். பள்ளிக்கூடமும் இல்லை. கடை வாசலில் உட்கார்ந்து, தெருக்கோடியில் தெரியும் ஏதாவது ஒரு தலையை அப்பாவின் தலை என்று நினைத்துக்கொள்வதுதான் பகல் முழுவதும் என் வேலை. கிட்டே வந்ததும் அது வேறு யாராகவோ மாறிவிடும்.

பின்தெருவில் ஒரு செரானிப் பெண்மணி தனியாக இருந்தார். போர்த்துக்கீசிய வம்சம். சண்டைக்கு முன்பு பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுத்தவர். வெள்ளைக்காரனின் தொண்டர் படையில் இருந்த அவர் கணவர் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, கைதியாகச் சயாமுக்கே போயிருந்தார். நகை போய், நாற்காலிகளும் போன பிறகு, அவர் ஒருநாள் கடைக்கு வந்து, "தவுக்கே, கம்பி வேணுமா?" என்று மலாயில் கேட்டார். தவுக்கே என்றால் கடை முதலாளி. பிரேக் கம்பிக்கு ஊரே அலைந்துகொண்டிருந்த நேரம் அது.

தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குள் ஓர் ஆண் எப்படி நுழைவது? அதற்காக மாமா ஒரு கையில் என்னைப் பிடித்துக்கொண்டார். மற்றொரு கையில் குறடு.

பியானோவின் மூடியைத் தூக்கியதும் மாமாவின் கண்கள் விரிந்தன. "அடேங்கப்பா, ஊர்ல உள்ள அத்தன சைக்கிளுக்கும் இதுல கம்பி இருக்கே!" என்று என்னிடம் தமிழில் சொன்னவர், அந்த அம்மாவிடம் மலாயில் பவ்யமாக, "எது வேணாமோ அத நீங்களே காட்டுங்க, மிஸ்ஸி" என்றார்.

அவர் எதையும் காட்டவில்லை. உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். மூன்று மூன்றாகப் போகிற தாளம். ஆனால் அழுத்தம் முதல் அடியில் விழாமல், இரண்டாவதிலோ மூன்றாவதிலோ போய் விழுந்தது. ஒரு கால் சற்றுக் குட்டையான ஆள் சந்தோஷமாக ஓடிவருவது போல இருந்தது. நான் சிரித்துவிட்டேன். நடுவில் ஓர் இடத்தில் அந்த ஆள் நின்று திரும்பிப் பார்த்தது போலிருந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது மஸூர்கா. போலந்துங்கிற நாட்டுல ஆடுற ஆட்டம். அதை வச்சு ஒருத்தர் பியானோவுக்கு எழுதினது" என்றார். எழுதியவரின் பெயர் என் வாயில் நுழையவில்லை. "இந்த ஒண்ணுக்கு வேண்டாத கம்பியெல்லாம் எடுத்துக்கோங்க, தவுக்கே."

அப்படித்தான் ஆரம்பித்தது. மாமா கம்பியைச் சுருட்டிக்கொண்டு போவார். அரிசியோ கருவாடோ கொண்டுவந்து கொடுப்பார். ஒவ்வொரு முறை கழற்றிய பிறகும், "இப்ப வாசிங்க மிஸ்ஸி" என்பார். பிரேக்கைச் சரிபார்க்கிற அதே முகத்தோடு தலையைச் சாய்த்துக் கேட்பார். எங்காவது ஒரு சுரம் வெறும் 'டொக்' என்று மரமாக ஒலித்துவிட்டால் கூனிக்குறுகிப் போவார். ஒரே சுரத்துக்கு மூன்று கம்பிகள் இருப்பதைக் கண்டுபிடித்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பின் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தார். பாட்டு மெலிந்துகொண்டே போனது. அந்த அம்மாவும்தான்.

எனக்கு அவர் அடவு சொல்லிக்கொடுத்தார். அது இரண்டு பேர் கைகோத்து ஆடும் ஆட்டம். வாசிப்பவர் எழுந்துவந்து ஆட முடியாது. மாமா ஆடுவதாக இல்லை. ஆகவே நான் ஒரு கையை நீட்டி, யாரும் இல்லாத இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆடினேன்.

மழைக்காலத்தில் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அதற்கு மருந்தான கொயினா ஒரு கடைக்காரனிடம்தான் இருந்தது. அவன் கேட்டது செம்பு. பியானோவின் கனத்த கம்பிகளில்தான் செம்பு சுற்றியிருந்தது. அவற்றை எடுத்தால் மஸூர்கா போய்விடும். மாமா குறடும் கையுமாகச் சும்மா நின்றார்.

"எடுத்துக்கோங்க, தவுக்கே. உயிரோட இருந்தாத்தானே அவர் வர்றப்ப கதவைத் திறக்கலாம்?" என்றார் அந்த அம்மா.

போர்வையைப் போர்த்திக்கொண்டு கடைசியாக வாசித்தார். முடிந்ததும் நான் கேட்டேன். "இதை எழுதினவர் இப்ப எங்கே, ஆன்ட்டி?"

"செத்துப்போய் ரொம்ப காலமாச்சு. ஊரை விட்டுத் தூரமா போனவர். ஊர் ஞாபகத்துலதான் எழுதினார்."

"அப்புறம் வீட்டுக்குத் திரும்பிட்டாரா?"

அவர் கைகள் கட்டைகளின் மேலேயே இருந்தன. "திரும்பிட்டார்" என்றார்.

"சத்தியமா?"

"சத்தியமா."

மாமா கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். வெகுநேரம் உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பார்க்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பிவிடுகிறார்கள் என்ற சந்தோஷத்தில், அன்று வீடுவரை மஸூர்கா நடை நடந்தேன்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். சண்டை முடிந்ததும் கொஞ்ச நாள் துறைமுகத்துக்கும் ரயிலடிக்குமாக நடந்தார். பிறகு சிங்கப்பூரில் இருந்த தங்கை வந்து, அவரை மட்டும் அழைத்துக்கொண்டு போனாள். என் அப்பாவும் வரவில்லை. அவர் சயாமில் காலராவில் போய்விட்ட செய்தி, அந்த மழைக்காலத்துக்கு முன்பே, தப்பி வந்த ஓர் ஆள் மூலம் மாமாவுக்குத் தெரிந்திருந்தது. என் அம்மாவிடம்கூட அவர் சொல்லவில்லை.

எவ்வளவோ காலம் கழித்து, என் மகள் பியானோ கற்றுக்கொண்ட வீட்டில் அதே மஸூர்காவைக் கேட்டேன். ஒரு சுரமும் குறையாமல் இருந்தது. எழுதியவரைப் பற்றி அந்த டீச்சர் சொன்னாள்: இளவயதில் நாட்டை விட்டுப் போனவர், திரும்பவே இல்லை, வேற்று மண்ணில்தான் அடக்கம்.

"இல்லையே, திரும்பிட்டாரே" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. டீச்சர் என்னை விநோதமாகப் பார்த்தாள். அன்று அந்தப் பின்தெரு வீட்டில், ஒரு குழந்தைக்கு முன்னால், பெரியவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு செய்தியை மறைத்துக்கொண்டு நின்றதும், ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாததும் எனக்கு அப்போதுதான் புரிந்தது.