கோபோலுக்குத் தூக்காத கை

போன ஞாயிறு ஆம்பூரில் ஒரு கல்யாணம். சர்ச்சில் தாலி கட்டி முடித்து, பக்கத்து மண்டபத்தில் பந்தி. பிரியாணி மேல் கத்தரிக்காய்க் குழம்பை விட்டுப் பிசைந்து முதல் வாய் வைக்கப் போனேன்... எதிரே வந்து நின்றார் ஒரு அப்பா. பக்கத்தில் ப்ளஸ் டூ முடித்த மகள்.

"மேடம், நீங்க பத்திரிகைல எழுதறவங்கதானே? கம்ப்யூட்டர் கூட படிச்சிருக்கீங்களாம். பொண்ணை வேலூர்ல ஒரு இன்ஸ்டிட்யூட்ல சேக்கப் போறேன். பேசிக் எடுக்கலாமான்றாங்க, கோபோல் எடுக்கலாமான்றாங்க. மொதல்ல இன்னா எடுக்கட்டும்?"

பந்தியில் உட்கார்ந்திருப்பவளைக் கேட்கிற கேள்வியா இது? ஆனால் இப்போதெல்லாம் எல்லோருக்கும் இதே கவலைதான். வளையல் கடைக்கு மேலே ஒரு மாடி காலியானால் போதும் — அடுத்த மாசம் அங்கே கம்ப்யூட்டர் சென்டர். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுத ஏகப்பட்ட மொழிகள். எதை முதலில் கற்பது என்று ஊரே குழம்புகிறது.

நான்தான் பெரிய மனுஷியாச்சே! விரலை மடக்கிக்கொண்டு சொன்னேன்: "எதுவா இருந்தா என்னங்க? முதல் மொழி முக்கியமே இல்ல. லாஜிக்தான் முக்கியம். ஒண்ணு வந்துட்டா மத்ததெல்லாம் தானா வரும்."

எனக்கு அடுத்த இலையில் ரெஜினா அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவர். அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

"இவ சொன்னா சரியாத்தான் இருக்கும் கண்ணு. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா கம்ப்யூட்டர் படிச்சவங்க. அன்னிக்கு தனக்கு வேணாம்னாலும் எனக்காக ஒருத்தி கை தூக்கினா பாரு... அது இவதான். அந்த மனசு யாருக்கு வரும்?"

அப்பா என்னை மரியாதையாகப் பார்த்தார். மகளும் பார்த்தாள். நானோ இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். தண்ணீர் குடித்தேன். அசடு வழியச் சிரித்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

அப்போது நான் ஆம்பூரில் கணக்கு டீச்சர். பி.எஸ்ஸி. மேத்ஸ். அந்த மண்டைக்கனம் கொஞ்ச நஞ்சமில்லை. ரெஜினா அக்கா ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். ஒரே தெருவில் வீடு. அக்காவின் அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்து, கால் இரண்டும் புண்ணாகி வீட்டோடு உட்கார்ந்துவிட்டவர். இரண்டு தங்கைகள் பள்ளிக்கூடத்தில். வீடு ஓடுவது அக்காவின் பத்து விரலில்.

ஒருநாள் அக்காவின் மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "அடுத்த வருஷம் ஆபீசுக்கு கம்ப்யூட்டர் வருது. கோபோல் தெரிஞ்ச ஆள் வேணும். நீ கத்துக்கிட்டு வந்தா சீட் உனக்கு. இல்லாட்டி டைப்பிங் வேலையும் ஜாஸ்தி இருக்காது... பேக்கிங் ஷெட்டுக்குத்தான் போகணும்."

இப்போது மாதிரி தெருவுக்கு ஒரு சென்டர் அப்போது ஏது? வேலூரில் ஒரு பள்ளிக்கூட அறையில், ஞாயிறு மத்தியானம் மட்டும், டேனியல் சார் என்பவர் கிளாஸ் எடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டார் அக்கா. மெட்ராசில் கம்ப்யூட்டர் இருக்கும் ஆபீசில் வேலை பார்ப்பவர். வாராவாரம் ரயிலேறி காட்பாடி வந்து சொல்லித்தருவார்.

கம்ப்யூட்டரே இல்லாத கம்ப்யூட்டர் கிளாஸ்! சிரிக்காதீர்கள். கட்டம் போட்ட காகிதத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதிக் கொடுக்க வேண்டும். சார் அதை மெட்ராசுக்கு எடுத்துப் போவார். அங்கே அட்டையில் ஓட்டை போட்டு மெஷினில் ஓட்டுவார்கள். சரியா தப்பா என்பது அடுத்த ஞாயிறுதான் தெரியும்.

எனக்கும் ஆசை வந்தது. "பன்னெண்டு பேர்தான், லிஸ்ட் முடிஞ்சுது" என்று சார் கையை விரித்துவிட்டார். அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி என் பேரைப் பதிமூன்றாவதாக எழுத வைத்தது யார்? ரெஜினா அக்காதான்.

முதல் ஞாயிறு பஸ்ஸில் போகும்போதே அக்கா விஷயத்தைச் சொன்னார். சாருக்கு இருப்பது வாரத்தில் ஒரு மத்தியானம். அதனால் ஒரே ஒரு மொழிதான் எடுப்பார். ஃபோர்ட்ரானா, கோபோலா என்று கிளாசில் கை தூக்கச் சொல்லி முடிவு பண்ணுவாராம்.

"சுசி, நீ கணக்கு படிச்சவ. உனக்கு ஃபோர்ட்ரான்தான் புடிக்கும். எனக்குத் தெரியும். ஆனா எனக்கு கோபோல் வரலன்னா சீட் போய்டும். இந்த ஒரு தபா எனக்காக..."

"இன்னாக்கா நீங்க, இதெல்லாம் கேக்கணுமா? உங்களுக்குத்தான்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். பஸ்ஸில் உட்கார்ந்து நல்லவளாக இருப்பது ரொம்பச் சுலபம்.

டேனியல் சார் இரண்டு மொழியையும் விளக்கினார். ஃபோர்ட்ரான் — விஞ்ஞானக் கணக்குக்கு. பாலம் கட்ட, ராக்கெட் விட. கோபோல் — ஆபீஸ் வேலைக்கு. சரக்கு, பில், சம்பளப் பட்டியல்.

பின் பெஞ்சில் இரண்டு காலேஜ் பையன்கள். ஒருவன் மற்றவனிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "அப்ப கோபோல் டைப்பிஸ்ட் பாஷைன்னு சொல்லு!"

கிளாசே சிரித்தது. என்னையும் அறியாமல் நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

சார் ஜெபக் கூட்டமெல்லாம் நடத்துகிறவர். அதே பழக்கத்தில், "எல்லாரும் கண்ணை மூடி, தலையைக் குனிங்க. யாரும் யாரையும் பாக்க வேணாம். யாருக்கும் சங்கடம் வேணாம். நான் மட்டும் எண்ணிக்கிறேன்" என்றார். நம் ஊரில் பாதிப் பேருக்குப் பழக்கமான காரியம்தானே? பதிமூன்று தலையும் பவ்யமாகக் குனிந்தது.

"கோபோல் வேணும்ன்றவங்க கை தூக்குங்க."

பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. அக்காவின் கை போய்விட்டது.

என் கை போகவில்லை.

யார் பார்க்கப் போகிறார்கள்? சார் பார்ப்பார். மெட்ராஸ்காரர், கம்ப்யூட்டர் தெரிந்தவர். அவர் கண்ணில் நான் டைப்பிஸ்ட் கோஷ்டியில் எண்ணப்படுவதா? மேத்ஸ் கிராஜுவேட் நான்! ராக்கெட் விடுகிற பக்கம் அல்லவா நான் இருக்க வேண்டும்? அப்புறம் ஒரு சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன் — என் ஒரு கையாலா எல்லாம் மாறிவிடப் போகிறது? எப்படியும் கோபோல் ஜெயித்துவிடும்...

"ஃபோர்ட்ரான்?"

தூக்கினேன். விறைப்பாகவே தூக்கினேன். வெட்கம்கெட்ட கை.

கண்ணைத் திறந்தோம். "கோபோல் ஆறு, ஃபோர்ட்ரான் ஏழு" என்றார் சார். சாக்பீசை எடுத்துக்கொண்டே சிரித்தார். "நல்ல வேளை, பதிமூணு பேரா வந்தீங்க. பன்னெண்டா இருந்து ஆறு ஆறுன்னு வந்திருந்தா நான் கோபோல்தான் எடுத்திருப்பேன். அதுக்கு நோட்ஸ் ரெடியா இருந்தது."

புரிகிறதா? நான் வராமலே இருந்திருந்தால் அக்காவுக்கு கோபோல் கிடைத்திருக்கும். கெஞ்சிக் கூத்தாடி என்னை உள்ளே சேர்த்தாரே... அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

திரும்பி வரும் பஸ்ஸில், பள்ளிகொண்டா தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினார். மெதுவாகக் கேட்டார்.

"ஒரே ஒரு கை, சுசி. யாரோ ஒருத்தர் மாத்திப் போட்டுருந்தா... நீ எனக்குத்தானே தூக்கின?"

"ஆமாக்கா. பின்ன? உங்களுக்குத்தான்."

வாய் கூசாமல் வந்தது பொய். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். "உனக்கு வேணாததுக்கு எனக்காகத் தூக்கினியே. ஆண்டவர் உன்னை நல்லா வச்சிருப்பார்" என்றார். அந்த ஜன்னல் வழியே எகிறிக் குதித்துவிடலாம் போலிருந்தது.

கட்டிய ஃபீஸ் கட்டியதுதான் என்று அக்காவும் ஃபோர்ட்ரானே படித்தார். இங்கேதான் கூத்து. ராக்கெட் விட வந்த எனக்கு வாராவாரம் தப்பு. அந்த மொழியில் ஏழாவது கட்டத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். நான் ஆறாவதில் ஆரம்பித்துத் தொலைப்பேன். ஒரு கட்டம் தள்ளிப்போனதற்கு ஒரு வாரம் பாழ். 'டைப்பிஸ்ட்' அக்காவோ கட்டம் தவறாமல் எழுதினார். தோலைத் தரம் தரமாகப் பிரித்து எத்தனை சதுர அடி என்று கூட்டுகிற ப்ரோக்ராம். முதல் தடவையே ஓடியது. "யார் ரெஜினா?" என்று மெஷின் ரூமில் கேட்டார்களாம். சார் எழுந்து நின்று கைதட்டினார். நானும் தட்டினேன்.

ஆறு மாசம். ஞாயிறு தவறாமல் ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போய் வந்தோம். உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனை பஸ் கிடைத்தது!

அடுத்த வருஷம் அக்காவின் கம்பெனிக்கு மெஷின் வந்தது. மேனேஜர் கேட்டார், "கோபோல் தெரியுமா?"

"ஃபோர்ட்ரான் நல்லா தெரியும் சார். ஒரு மாசம் டைம் குடுத்தீங்கன்னா கோபோலும் கத்துக்குவேன்."

கற்றுக்கொண்டிருப்பார். சத்தியமாகக் கற்றுக்கொண்டிருப்பார். ஆனால் மேனேஜருக்கு வேண்டியது கோபோல் என்கிற அந்த ஒரு பேர். "அது காலேஜ் பசங்க சமாச்சாரம்மா. நமக்குத் தோதுப்படாது" என்றார். மெட்ராசிலிருந்து ஓர் ஆள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அக்கா பேக்கிங் ஷெட்டுக்குப் போனார். நின்றபடியே வேலை — தோலை அடுக்கி, கட்டி, அட்டை தொங்கவிடுகிற வேலை. இன்றைக்கும் அங்கேதான். கல்யாணத்துக்கு வந்தபோது நக இடுக்கில் சாயம் இருந்தது. தேய்த்துக் கழுவியும் போகாத சாயம்.

நான்? அந்த ஆறு மாசத்துக்கு அப்புறம் ஃபோர்ட்ரானில் ஒரு வரி எழுதியதில்லை. எந்த ராக்கெட்டும் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் 'கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் கிளாஸ்' என்று ஒரு கட்டுரை எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்பினேன். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதினீர்கள். அதில்தான் எனக்கு இந்தப் பக்கமே கிடைத்தது. கண்ணை மூடி ஓட்டுப் போட்டதையும் அதில் தமாஷாக எழுதியிருந்தேன். யார் எதற்குப் போட்டார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

இப்போது பந்தியில் நான் உதிர்த்த முத்தைத் திரும்பப் பாருங்கள். முதல் மொழி எதுவாக இருந்தால் என்ன! இப்படிச் சொல்கிற எல்லோரையும் கவனியுங்கள் — இரண்டாவதைக் கற்க வாய்ப்புக் கிடைத்தவர்களாகவே இருப்பார்கள். ரெஜினா அக்காவுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதையும் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை. நான்.

அந்த அப்பாவைத் தேடிப் போய்ச் சொன்னேன்: "நான் சொன்னதை விடுங்க. பொண்ணு எங்க வேலைக்குப் போகப் போறாளோ, அங்க என்ன மொழி கேக்குறாங்கன்னு முதல்ல விசாரிங்க." தலையாட்டிவிட்டுப் போனார். அவரிடம் சரியானதைச் சொல்ல முடிந்தது. பக்கத்து இலையில் இருந்தவரிடம் முடியவில்லை.

கை கழுவிவிட்டு வரும்போது அக்காவோடு ஷெட்டில் வேலை செய்யும் மூன்று பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"டீச்சர், நீங்க எழுதறது அத்தினியும் எங்களுக்குத் தெரியும்!"

"அப்படியா? படிப்பீங்களா?"

"எங்களுக்கு எங்க டீச்சர் படிக்கத் தெரியும்? பொஸ்தகம் வந்த அன்னிக்கு சாப்பாட்டு நேரத்துல ரெஜினா அக்காதான் சத்தமா வாசிப்பாங்க. ஷெட்டே கம்முனு கேக்கும். 'இது நம்ம சுசி எழுதினது'ன்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க."

அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தார். நான் பஸ் ஏறி வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்கா, அந்த ஏழாவது கை என்னுது. பொய் சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூட வாய் வரவில்லை.

பாதியில் நிறுத்திவிடாதீர்கள், அக்கா. ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகவே வாசியுங்கள்.