மைக்கைக் கேட்டு வாங்கும் ஜெபமணி டீச்சர்

கருவூலத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய், உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்டிவிட்டு வருகிற சடங்கு. எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். கைப்பேசி அடித்தது. எங்கள் பள்ளியில் எழுத்தராக இருந்த செல்லத்துரை. "சார், நம்ம ஜெபமணி டீச்சர் போயிட்டாங்க. காலையில எந்திரிக்கவே இல்லையாம்" என்றார். வரிசை நகர்ந்துவிட்டது, நான் கைப்பேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் தோளைத் தொட்டு, "அண்ணாச்சி, முன்னால போங்க" என்றார். உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு, நான் அறிவியல். அவர் எனக்கு நான்கு ஆண்டுகள் முன்னால் ஓய்வு பெற்றார். அவரிடம் கணக்குப் படித்தவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். மற்றவர்களுக்கு அவர் யாரென்று சொல்ல வேண்டுமானால், பணிநிறைவு விருந்துகளில் எழுந்து வந்து மைக்கைக் கேட்டு வாங்குவாரே, அவர்தான்.

நம் பக்கத்து விருந்து எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெறுகிறவரை வேனில் ஏற்றி, கழுத்து முட்ட மாலை போட்டு வீடு வரை கொண்டு போய் விடுவோம். பிறகு மண்டபத்தில் சாப்பாடு, அதற்கு முன் பாராட்டு. எல்லோரும் அவருடைய நல்ல குணத்தைப் பற்றிப் பேசுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அவருக்கு வரப்போகிற பி.எஃப்., கிராஜுவிட்டி எவ்வளவு என்பதில்தான் கவனம். அந்த நேரம் பார்த்து ஜெபமணி டீச்சர் எழுந்து வருவார். பாராட்டு இரண்டு வரியில் முடிந்துவிடும். அதன் பிறகு தன் கதையை ஆரம்பிப்பார்.

"நான் ரிட்டயர்டு ஆனப்போ கைக்கு வந்த பணத்துல மாடி கட்டுனேன். மகன் கோயமுத்தூர்ல இருந்து வந்து தங்குவான்னு நெனச்சேன். அவன் அங்கேயே வீடு வாங்கிட்டான். இப்போ வாரம் ஒருக்க விளக்குமாத்தோட மாடி ஏறித் தூத்துட்டு இறங்குதேன். மிச்சத்தை வட்டி கூடக் கொடுக்கான்னு ஒரு ஃபைனான்ஸ்ல போட்டேன். ஒரு நாள் போய்ப் பாத்தா பூட்டு தொங்குது. பென்ஷன் இருக்கேன்னு தைரியமா இருந்தேன். பென்ஷன் அரிசிக்குக் காணும், ஆஸ்பத்திரிக்குக் காணாது."

சபையில் சிரிப்பு எழும். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் முழங்காலுக்கு ஆபரேஷன் செய்யச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மூன்று ஆண்டுகளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நொண்டி நொண்டித்தான் அந்த மேடைகளில் எல்லாம் ஏறினார். தன் முட்டாள்தனத்தை நாலு பேர் முன்னால் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? நானாக இருந்தால் மூடி மறைத்திருப்பேன்.

என் விருந்துக்கும் வந்தார். அங்கேதான் வினை. என் மனைவி கோமதிக்கு ஒரே தம்பி, வாசுதேவநல்லூரில் இருந்தான். அக்காவுக்குப் பட்டுச் சேலை, எனக்கு வேட்டி சட்டை, பெரிய ரோஜா மாலை என்று முறையாகச் சீர் கொண்டு வந்து நிறுத்தினான். எலுமிச்சம்பழக் கமிஷன் கடை வைக்க என்னிடம் பணம் கேட்டிருந்தான் என்பது சில பேருக்குத் தெரியும். டீச்சருக்கும் எப்படியோ எட்டியிருக்கிறது. வழக்கமான கதையை முடித்துவிட்டு, "சார் பணத்தைக் கேட்டு இங்கன யாரும் வரக் கூடாது. மாலை போட்டவங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்" என்று மைக்கில் சொல்லிவிட்டார்.

மச்சினன் முகம் கறுத்துப் போனது. பந்தியில் உட்கார்ந்தவன், பாதி இலையில் எழுந்து கையைக் கழுவிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டான். கோமதி அன்று முழுக்க அழுதாள். "எந்தம்பி எச்சி இலையோட எந்திரிச்சுப் போயிட்டான். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?" என்று கேட்டாள்.

இதற்குப் பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். நம்மைப் போன்றவர்களால் மட்டுமே செய்ய முடிகிற காரியம். அடுத்த வாரம் பழத்தட்டோடு கோமதியையும் கூட்டிக்கொண்டு வாசுதேவநல்லூர் போனேன். சபையில் நேர்ந்த அவமானத்தைத் துடைக்க வேண்டுமே! அவன் கேட்டதைப் போல இரண்டு பங்கு கொடுத்துவிட்டு வந்தேன். வரும்போது பஸ்ஸில், மலைக்காற்று முகத்தில் அடிக்க, பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இருந்த கையிருப்பில் முக்கால்வாசி அன்றைக்கே காலி.

அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. விலை படுத்துவிட்டது, வெளியூர் வியாபாரிகள் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் அனுப்பவில்லை. இரண்டாம் வருஷம் கடையை மூடினான். கூச்சத்தில் எங்கள் வீட்டுக்கு வருவதையும் விட்டுவிட்டான். தீபாவளி, பொங்கல், ஆடித்தபசு எதற்கும் வரவில்லை. கோமதி வாசலைப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருப்பாள். பணத்தைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் பேசமாட்டேன். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் யாராவது ஒருவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவோம்.

கடை மூடி எங்கள் பணம் போன செய்தி தெரிந்ததும் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கே சொன்னேனே என்று குத்திக் காட்டுவார் என்று எதிர்பார்த்து, பதிலுக்குச் சூடாகச் சொல்ல நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். உட்காராமலே, "சார், உங்களைக் கெடுத்தது நான்தான். சபையில வச்சுச் சொல்லாம இருந்தா நீங்க இவ்வளவு கொடுத்திருக்க மாட்டீங்க. என்னை மன்னிச்சிருங்க" என்றார். கோமதி காப்பியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். டீச்சர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: "கொடுக்காம இருந்தா ஒரு மாசம் கோவிச்சிருப்பான். கொடுத்ததால வீட்டுக்கு வர வழியில்லாமப் போயிட்டான், பாவம்."

அன்றோடு மைக்கை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக, ஓய்வு பெறப் போகிறவர் வீட்டுக்கு ஒரு மாதம் முன்னாலேயே போக ஆரம்பித்தார். என்னையும் இழுத்துக்கொண்டார். "நான் மாடி கட்டிக் கெட்டவ, நீங்க மரியாதைக்குக் கொடுத்துக் கெட்டவரு. ரெண்டு பேரும் போனா நம்புவாங்க" என்பார். மேலநீலிதநல்லூர், சிவகிரி, எங்கெல்லாம் பஸ் போகுமோ அங்கெல்லாம் போனோம். அவர் சொல்வது சின்ன விஷயந்தான். "முதல் ஆறு மாசம் பணத்தைத் தொடாதீங்க. அப்போ நமக்குப் புத்தி நிதானத்துல இருக்காது. பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்னு சொல்லலை. ரெண்டு பேருக்கும் ஆஸ்பத்திரிச் செலவை எடுத்து வச்சிட்டு, அதுக்கு மேல இருந்தா கொடுங்க." எப்போதும் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசாமல் மனைவியைப் பார்த்தே பேசுவார்.

எல்லா வீட்டிலும் வரவேற்பு கிடைத்துவிடவில்லை. ஒரு ஊரில் மகன் வாசலிலேயே நிறுத்தி, "எங்க வீட்டு விசயத்துல நீங்க யாரு?" என்று கேட்டான். திரும்பும் வழியில் நான் பொருமிக்கொண்டே வந்தேன். டீச்சர் முழங்காலைத் தடவிக்கொண்டு, "விடுங்க சார், அவங்கம்மா கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா" என்றார். மேலநீலிதநல்லூரில் டிராயிங் மாஸ்டர் ஒருவர் மட்டும் ஆறு மாதம் பொறுத்தார். ஏழாம் மாதம் அவர் மனைவிக்கு நெஞ்சில் ஆபரேஷன். பணம் கையில் இருந்தது. அந்த அம்மா இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். டீச்சர் வீட்டில் அடக்கத்தன்று பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்து அவர்தான் அழுதுகொண்டிருந்தார்.

கோயமுத்தூரில் இருந்து மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். கீழே இடம் போதாததால் மாடி அறைகளைத் திறந்து விட்டார்கள். துளி தூசி இல்லை. அந்த வாரமும் ஏறித் தூத்திருக்கிறார். அந்தப் பையன் படியில் உட்கார்ந்து தேம்பியதைப் பார்த்தேன். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டான் என்று அவன் மேல் எனக்கிருந்த பழைய கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

கோமதியும் என்னோடு வந்திருந்தாள். சவப்பெட்டியின் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். வீட்டுக்குத் திரும்பி, குளித்து, சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்:

"அடுத்து யாரு வீட்டுக்குப் போறதா இருந்தீங்க?"

"சிவகிரியில ஒரு பி.டி. மாஸ்டர். இனிமே எங்க போக? டீச்சர் இல்லாம நான் தனியாப் போய் என்னத்தைச் சொல்ல?"

"நான் வாரேன்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எல்லா ஊர்லயும் நீங்களாக் கொடுத்ததாச் சொல்லியிருக்கீங்க. டிராயிங் மாஸ்டர் வீட்டுக்காரி இன்னைக்குச் சொன்னா. கூடக் கொடுங்க, எந்தம்பி முகம் வாடக் கூடாதுன்னு ராத்திரி பூரா உங்களைத் தூங்க விடாமச் சொன்னது நான்தான? அதை நானே வந்து சொல்லுதேன். வீட்டுக்காரிக கேக்கட்டும்."

இத்தனை வருஷமாக எங்களுக்குள் பேசாமல் கிடந்த விஷயத்தை அவள் பேசிவிட்டாள். அன்றைக்கு மாலையே வாசுதேவநல்லூருக்கும் போன் போட்டாள். "பணத்தைப் பத்தி ஒண்ணும் பேச மாட்டேன்லே, நீ வந்து சாப்பிட்டுட்டுப் போ" என்று அவள் சொல்வது எனக்குக் கேட்டது. தன் தோல்வியைச் சொல்ல வெட்கப்படாதவர் ஜெபமணி டீச்சர். அந்த வெட்கமின்மையை எங்கள் வீட்டுக்கு விட்டுப் போயிருக்கிறார். வரும் சனிக்கிழமை நானும் கோமதியும் சிவகிரிக்குப் போகிறோம்.