யார் பக்கமும் சாயாத கட்டர்

கூரைத் தண்ணீரை ஏந்தும் தகர வாய்க்கால் மாட்டுவதுதான் கடலூரில் என் பிழைப்பு. எங்கள் பேச்சில் அதற்குக் கட்டர் என்று பெயர். தண்ணீர் இறங்க வேண்டிய பக்கம் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும், அதுதான் வாட்டம். இந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது. பார்க்க அழகாக, கோடு போட்ட மாதிரி வேண்டும் என்பார்கள். கோடு போட்ட மாதிரி மாட்டினால் தண்ணீர் எங்கே ஐயா போகும்?

2007 ஐப்பசியில் சிதம்பரத்திலிருந்து செல்வராசு என்பவர் போன் செய்தார். "மேஸ்திரி, ஒடனே வாங்க. நடுச்செவுரு ஊறிப்போச்சி. பிரசவத்துக்கு வந்த பொண்ணு புள்ளையோட அங்கதான் படுத்திருக்கு."

பஸ் பிடித்துப் போனேன். பழைய ஓட்டு வீடு. அண்ணன் கலியபெருமாளும் தம்பி செல்வராசும் பாகம் பிரித்து, நடுவில் மண் சுவர் எழுப்பியிருந்தார்கள். பின்பக்கக் கூரை ஓரம் நெடுக, இரண்டு பாகத்துக்கும் சேர்த்து ஒரே கட்டர். மட்டம் பார்க்கும் டியூப் லெவலைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு முனையும் இம்மியும் சாயாமல் மட்டமாக இருந்தன. தண்ணீர் போக வழியில்லாமல் நின்று, கனத்தில் நடுவில் தொய்ந்து, சரியாக அந்த மண் சுவரின் தலையில் வழிந்துகொண்டிருந்தது.

"எந்தப் புண்ணியவான் இப்படி மாட்டுனது?" என்று கேட்டேன்.

"நாங்கதான் மாட்டச் சொன்னோம். யாரு பக்கமும் சாயக்கூடாதுன்னு பேச்சு," என்றார் செல்வராசு.

தலையில் அடித்துக்கொண்டேன். தண்ணீரிடம் போய் நியாயம் பார்த்திருக்கிறார்கள்!

செல்வராசு பக்கக் கடைசியில் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நின்றது. பைப் இறக்க இடமே இல்லை. சாக்கடை அண்ணன் பக்கம்தான். வேறு வழி கிடையாது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அவன் கூரத் தண்ணி என் செவுத்துல எறங்குனா, நாளைக்கே பாத்தியம் கேப்பான். கோர்ட்டுக்கு யாரு அலையறது?" என்றார் கலியபெருமாள்.

திரும்பி வந்து செல்வராசுவிடம், "நீங்களே ஒரு வார்த்த கேளுங்களேன்," என்றேன்.

"அவுங்ககிட்டயா? செத்தாலும் போவ மாட்டேன்."

இப்படியே அங்கும் இங்குமாக நடந்தேன். நான் கட்டர் மாட்ட வந்தவனா, பஞ்சாயத்துப் பண்ண வந்தவனா? கிழக்கே வேறு கருக்கிக்கொண்டு வந்தது. வெறுத்துப்போய்ச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன்.

அப்போது செல்வராசுவின் மகள் தனம் கைக்குழந்தையோடு கொல்லைக்கு வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கலியபெருமாளைக் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, உள்ள வந்து செவுத்தத் தொட்டுப் பாருங்க. அப்பறம் உங்க இஷ்டம்."

என்ன நினைத்தாரோ, வந்தார். தனமும் நானும் பின்னாலேயே உள்ளே போனோம். சுவரில் கை வைத்தார். மண் கட்டியாகப் பெயர்ந்து அவர் கையோடு வந்தது. அதற்கு நேர் கீழே குழந்தையின் பாய். அவர் முகம் செத்துப்போய்விட்டது.

கையைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்தார். தம்பியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"என் பக்கமே வாட்டம் குடு மேஸ்திரி. ஜாஸ்தியாவே குடு." பிறகு உள்ளே பார்த்து, "தனம், புள்ளையத் தூக்கிட்டு வா. செவுரு காயற வரைக்கும் நம்ம பக்கம் படுங்க," என்றார்.

கிளாம்ப்புகளை எல்லாம் கழற்றி, வாட்டம் வைத்துத் திரும்ப மாட்டினேன். தம்பி ஏணியைப் பிடித்தார், அண்ணன் ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தார். மழை பிடித்ததும் செல்வராசு அண்ணன் கொல்லைக்கு வந்து பைப் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போவுது," என்றார்.

"ம்... போவுது," என்றார் அண்ணன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். சித்திரையில் வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது, ஒரு தென்னை மரத்துக்காக மறுபடி பேச்சு நின்றுபோயிருந்தது. எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் டியூப் லெவலை எடுக்கும் முன், வீட்டில் யாரோடு யாருக்குப் பேச்சு இல்லை என்று விசாரித்துவிடுகிறேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களும் அதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

சித்திரையில் போன அன்றைக்குக் கலியபெருமாளிடம் கேட்டேன்: "அப்ப அந்தப் பைப்பக் கழட்டிடவா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது கெடக்கட்டும்யா. எம் பேத்தி அந்தச் செவுத்தோரமாத்தான் தவழுது."