முகம் வைக்காத படம்

வீட்டுப் பிளானை மாமா கவனமாக ஓர் இடத்தில் வைத்திருந்தால் என் சாச்சியின் கல்யாணம் நடந்திருக்கும். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கல்முனையில் எங்கள் வளவுக்குள்ளேயே சாச்சிக்கு ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சாச்சி என் உம்மாவின் தங்கை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில் இருப்பார். பெற்றவர்கள் மௌத்தாகிவிட்டதால் அந்தக் கடமை மாமாவின் தலையில் விழுந்தது. உம்மாவுக்கும் சாச்சிக்கும் நடுவில் பிறந்த ஒரே ஆண்பிள்ளை அவர். தன் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருக்க, தங்கையின் வீட்டுக்கு நல்ல ஓடாகப் பார்த்து வாங்கிப் போட்ட மனிதர். அதனால் அவரை முழுதாக வெறுக்கவும் எனக்கு முடிவதில்லை.

சாச்சி பல்கலைக்கழகத்தில் சித்திரம் படித்தார். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. உயிருள்ளதை வரைகிறவரிடம் மறுமையில் அதற்கு உயிர் கொடுக்கும்படி சொல்லப்படும் என்று தங்கையைச் சின்ன வயதிலிருந்தே பயமுறுத்தி வந்தார். சாச்சி அவரோடு வாதாடவில்லை. மனிதரை வரைந்தால் முகம் வைப்பதில்லை என்று ஒரு சமாதானத்துக்கு வந்துவிட்டார். எங்கள் முன்கூடத்தில் அவர் வரைந்த கரைவலைப் படம் ஒன்று தொங்கியது. வலை இழுக்கிற அத்தனை பேருக்கும் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, வாயும் இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைக் கண்டாலே வீரிட்டு அழுவேனாம். மாமாவோ வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அதைக் காட்டித் தங்கையின் மார்க்கப் பற்றைப் பேசுவார்.

சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. படிப்பின் கடைசி வருடத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு முடிக்கலாம் என்று அவர்களும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். சாச்சி லீவில் வீட்டுக்கு வந்திருந்த ஒரு காலையில் மேசன் வந்து பிளானைக் கேட்டார். மாமா அலுமாரி, பரண் எல்லாம் கிளறிவிட்டு, கடைசியில் சாச்சியின் கட்டிலுக்கு அடியில் கிடந்த குழாயைத் திறந்து, உள்ளே சுருட்டியிருந்த தாளை முன்கூடத்து மேசையில் விரித்தார்.

அது பிளான் இல்லை. கரியால் வரைந்த படம். ஒரு பெண் தலைமுடியை அவிழ்த்துவிட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு துணி இல்லை. ஒரு கை நெஞ்சைத் தாங்கியிருந்தது. முகம் மட்டும் வெறும் தாளாக இருந்தது.

“கண்ண மூடு புள்ள!” என்று மாமா என்னைப் பார்த்துக் கத்தினார். மூடினேன். விரல் இடுக்கால் பார்த்தபோது அவர் மூடியிருக்கவில்லை.

பிறகு மேசன் எட்டிப் பார்த்தார். பக்கத்து வளவுக்காரர் வந்தார், அவருடைய மருமகனும் வந்தார். இதையெல்லாம் பார்ப்பது பெண்களுக்கு அழகில்லை என்று உம்மாவையும் சாச்சியையும் என்னையும் அடுப்படிக்கு, குசினிக்குள் அனுப்பிவிட்டார்கள். இஸ்லாம் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிற கண்ணியத்தைப் பற்றி அன்று எங்கள் முன்கூடத்தில் பேசியதைப் போல உருக்கமாக நான் பின்பு எந்த மேடையிலும் கேட்டதில்லை. ஒரு பெண்ணின் மேனி விற்பனைச் சாமான் இல்லை என்றார் ஒருவர். மறைக்கச் சொன்னதே மதிப்பதற்காகத்தான் என்றார் இன்னொருவர். அவர்கள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பேசி முடியும்வரை படம் மேசையில் விரித்தபடியே கிடந்தது. நாலு மூலையும் சுருளாமல் இருக்க மாமா தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்திருந்தார்.

நாவிதன்வெளி வயலிலிருந்து வாப்பா அப்போதுதான் வந்தார். காலில் சேறு காயவில்லை. மேசையை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சுத்தி வைங்க மச்சான்,” என்றார். கோபத்தில்தான் சொல்கிறார் என்று குசினி வாசலில் நின்ற நான் நினைத்தேன்.

மாமா சுற்றி வைக்கவில்லை. வரைந்தவருக்கு மார்க்கத்தில் என்ன தீர்ப்பு என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்பதற்காகப் போனில் படம் எடுத்து அனுப்பினார். ‘அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக’ என்று ஒரு வரியும் எழுதினார். அடுத்த நாள் மதிய லுஹர் தொழுகைக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. யாரும் இதைப் பார்க்க வேண்டாம், பகிர வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு ஒவ்வொருவரும் பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். முகமில்லாத பெண்ணுக்கு ஊர் ஒரு முகம் வைத்தது. அது சாச்சியின் முகம்.

பள்ளிவாசல் மௌலவியை மாமாவே அழைத்து வந்தார். படத்தை விரிக்கப் போனதும் மௌலவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இத வரஞ்சது சரியில்லதான், நான் இல்லெண்டு செல்லல்ல. ஆனா தம்பி, கண்ணத் தாழ்த்தச் செல்லி மொதல்ல செல்லியிரிக்கிறது ஆம்பிளையளுக்கு. பொம்புளைக்கு மறுகாதான். நீங்க எத்தின பேருக்குக் காட்டின?”

விரிக்கப் போன தாளை மாமா மறுபடி குழாய்க்குள் திணித்தார்.

“அந்தப் புள்ளைர கையில குடுத்துருங்க,” என்றுவிட்டு, வைத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் மௌலவி எழுந்து போனார்.

அன்று பின்னேரம் மாப்பிள்ளையின் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அது சாச்சி இல்லையென்றால் யாரென்று சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு நாளையே நிகாஹ் வைக்கலாம். மாமா குசினிக் கதவடியில் வந்து தங்கையைக் கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் கண்டது அன்றுதான்.

“அது நானில்ல காக்கா. ஆரெண்டு செல்லவும் மாட்டன்,” என்றார் சாச்சி.

உம்மா அடுப்படியிலிருந்து எழுந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு முன்கூடத்துப் பக்கம் நடந்தார். வாய் ஏதோ சொல்லத் திறந்தது. சாச்சி அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். “ராத்தா, நீங்க கதைக்க வேணாம். உள்ளுக்குப் போங்க!”

மூத்தவளை அப்படி எடுத்தெறிந்து பேசலாமா? எனக்குச் சாச்சி மேல் பொல்லாத கோபம். ஒரு பேரைச் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடுமே, அந்தப் பேர் என்ன தங்கமா என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் காக்கா எழுந்து போய்விட்டார். அந்தப் படத்தை அன்றே உம்மா தன் கையால் அடுப்பில் வைத்தார். வீட்டு மானத்தைக் காத்தது மூத்தவள்தான் என்று மாமா எல்லாரிடமும் மெச்சினார்.

மறுவாரம் உம்மா கொழும்புக்கு ஓப்பரேசனுக்குப் போனார். வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். துணைக்குச் சாச்சி போனார். தங்கையின் வயிற்றை மறைக்கத்தான் அக்காவுக்கு வயிற்றுக் கட்டி வந்திருக்கிறது என்று ஊரில் கதை கிளம்பிற்று. திரும்பி வந்தபின் மாமா சாச்சியைப் படிக்க அனுப்பவில்லை. புது வீடு சாந்து பூசாமலே நின்றது. சாச்சி இப்போது பொத்துவில் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பூவும் பழமும் வரையச் சொல்லிக் கொடுக்கிறார். கல்யாணம் முடிக்கவில்லை.

உம்மா அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தார். ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்ற என்னைக் கூப்பிட்டார்கள். உடம்பின் மேல் துணியைப் போட்டு, அதற்கு மேலாலேயே தண்ணீர் ஊற்றுவோம். குளிப்பாட்டுகிறவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கீழால் தேய்ப்பார். எங்களில் மையித்துக்குக்கூட அவ்வளவு மரியாதை. நனைந்த துணி நெஞ்சில் ஒட்டியபோது ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நான் எதிரில் நின்ற சாச்சியைப் பார்த்தேன். சாச்சி துணியை மெல்லத் தூக்கி ஒட்டாமல் விட்டார்.

அடக்கம் முடிந்த பிறகுதான் சொன்னார். மார்பில் புற்றுநோய் என்பதை வாப்பாவுக்கும் சாச்சிக்கும் தவிர யாருக்கும் உம்மா சொல்லவில்லை. கூடப்பிறந்த தம்பியிடம் அந்த இடத்தின் பேரைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. வெளியே தெரிந்தால் எனக்கு நாளைக்கு மாப்பிள்ளை வராது என்ற பயமும் இருந்ததாம்.

“வெட்டி எறியிறதுக்கு முந்தி என்னய ஒருக்கா வரஞ்சி தா புள்ள எண்டா ராத்தா. போனில எடுத்தா நாலு பேர்ர கைக்குப் போயிரும், உன்ட கையால வரஞ்சா உன்னோட இரிக்கும் எண்டா,” என்றார் சாச்சி.

எல்லாவற்றையும் விட ஒரு பின்னேரம்தான் என்னை இன்றும் படுத்துகிறது. உம்மா கொழும்புக்குப் போவதற்கு முந்திய நாள். அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பா என்னை மோட்டார் சைக்கிளில் முன்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். சவாரி என்று எனக்குச் சந்தோஷம். ஒவ்வொரு கடையாக, ஒவ்வொரு வீட்டுக் கேற்றாக நிறுத்தினார். தனக்கு வயதில் இளையவர்களிடம்கூடக் கையைப் பிடித்துக்கொண்டு, “அல்லாஹ்வுக்காகச் செல்றன், அந்தப் படத்த அழிச்சிருங்க,” என்றார். சிலர் வெட்கப்பட்டு அழித்தார்கள். சிலர் தங்களிடம் இல்லை என்றார்கள். மச்சினிச்சிக்காக இந்த மனுசன் இவ்வளவு தூரம் அலைகிறாரே என்று ஒருவர் அவர் காதுபடவே சிரித்தார். அழிபடுகிறதா என்று பார்ப்பதற்காக வாப்பா ஒவ்வொரு போனுக்குள்ளும் குனிந்தார். ஒவ்வொரு தடவையும் அதை அவர் பார்க்க வேண்டியிருந்தது.

கடற்கரை வீதியில் எனக்குக் கடலைச் சுருள் வாங்கித் தந்தார். நான் தின்றுகொண்டே கேட்டேன்.

“வாப்பா, அந்தப் படத்தில இரிக்கிறது சாச்சியா?”

“இல்ல மகள்.”

“அப்ப ஆரு?”

அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் செய்தார்.

“உம்மாட்டக் கேட்டுராத.”

உம்மாவுக்கும் தெரியாதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.