மார்கழியில் தள்ளிப்போன கையெழுத்து

எங்கள் மாடிப்படியில் ஒரு மார்கழி மாதம் முழுக்கக் கோலம் இருந்தது. டென்மார்க்கின் சில்க்போர்க்கில் குளிர்காலத்தில் பொழுது விடியவே மனமில்லாமல்தான் விடியும். அதற்கு முன்பே மேல்வீட்டு இளம்பெண், நாங்கள் பிள்ளை என்று கூப்பிடுகிறவள், கம்பளி மேலங்கியோடு தன் வாசலில் குந்தியிருந்து அரிசிமாவால் இழுத்துவிடுவாள். அவர்களுக்கும் மேலே குடியிருந்த டேனிஷ் முதியவர் பூட்ஸ் காலைத் தூக்கித் தூக்கி அதைக் கடந்து இறங்கி வருவார். ஒருநாளும் மிதித்ததில்லை.

அவளுடைய கணவர் கோயம்புத்தூர்க்காரர். காற்றாலைப் பாகங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். இலையுதிர் காலத்தில் அவருடைய பிரிவையே கம்பனி மூடிவிட்டது. வேலை போனால் விசாவும் போகும், புது வேலை தேடச் சில மாத அவகாசம்தான். மார்கழி பிறந்த கையோடு பக்கத்து ஊரான விபோர்க்கில் ஒரு வேலை கிடைத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு விண்ணப்பத்தை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

இந்த நாட்டில் ஆள் போதாத தொழில்களுக்கு ஒரு பட்டியல் உண்டு, அதில் பெயர் இருக்கிற தொழிலுக்கு விசா கிடைக்கும். வருடத்தில் இரண்டு தடவை மாறும், புத்தாண்டில் ஒரு தடவை. அதைப் பற்றித் தம்பி ஒன்று சொல்வார்: “இந்த ஊர்ல நான் குடியிருக்கல அண்ணே. என் வேலையோட பேருதான் குடியிருக்கு. நான் அதுக்குத் துணைக்கு வந்தவன்.”

“அப்ப இண்டைக்கே போட்டு அனுப்புங்கோ தம்பி” என்றேன்.

“மார்கழில புதுசா எதுவும் ஆரம்பிக்க மாட்டோம்ணே. தை பொறக்கட்டும்.”

என் மனைவி அந்தப் பிள்ளையைச் சீண்டினாள்: “கோலம் போட நேரமிருக்கு, கையெழுத்துப் போட நேரமில்லையோ?”

“போன வேலைல இவரு ஆடி மாசம் சேர்ந்தாருக்கா. வேண்டாம்னு அப்பவே சொன்னேன். எப்படி முடிஞ்சுதுன்னு பாத்தீங்கல்ல?”

எங்கள் ஆட்களும் மார்கழியில் கலியாணம் வைப்பதில்லை. ஆனால் நாங்கள் இலங்கையில் யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்கள். ஓடுவதற்கு யார் நாள் பார்த்தது?

பொங்கலன்று பால் பொங்கியதும் தம்பி போனிலேயே கையெழுத்தைப் போட்டார். எங்களுக்கும் ஒரு சட்டி பொங்கல் வந்தது. அந்தக் கிழமை முடிவதற்குள் புதுக் கம்பனியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். புத்தாண்டோடு அவருடைய தொழிலின் பெயர் பட்டியலில் இருந்து விழுந்துவிட்டதாம். புத்தாண்டுக்கு முதலே அனுப்பியிருந்தால் பழைய பட்டியல்படி பார்த்திருப்பார்களாம். பட்டியல் இல்லாமல் விசா எடுக்கக் கூடுதல் சம்பளம் இருக்க வேண்டுமாம், இந்தச் சம்பளம் போதாதாம். எல்லாம் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னாள்.

பிறகு வக்கீல், ஒடென்சேயில் ஒரு தெரிந்தவர், அவருக்குத் தெரிந்த இன்னொருவர். நான்தான் காரோட்டினேன். போகும்போது கதைத்துக்கொண்டு போவோம், வரும்போது தம்பி அடுத்த ஆளின் நம்பரைத் தேடிக்கொண்டு வருவார். கேட்டவர்களுக்கெல்லாம் தம்பி ஒரே பதில்தான் சொன்னார்: “கம்பெனில பேப்பர் லேட்டா அனுப்பிட்டாங்க.” மார்கழி என்ற சொல்லை அவர் வாயில் நான் மறுபடி கேட்கவில்லை.

பெட்டி கட்டுகிற நாளில் அந்தப் பிள்ளை என் மனைவியிடம் சொன்னாளாம்: “எனக்காகத்தான் பொய் சொல்றாருக்கா. ஒரு தடவை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.” பக்கத்தில் அவர்களுடைய ஒரே மகள் பொம்மைக்கு டேனிஷில் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாளாம். வசந்தத்தில் போய்விட்டார்கள்.

அவர்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகி, இந்தக் கோடையில் பட்டியல் மறுபடி மாறியது. அந்தத் தொழிலின் பெயர் திரும்பவும் ஏறியிருப்பதாக வேலையிடத்தில் ஒரு பொடியன் சொன்னான். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கோயம்புத்தூருக்கு அழைத்தேன்.

“பாத்தேன் அண்ணே” என்றார் தம்பி. “விபோர்க் கம்பெனியும் மெயில் போட்டிருந்தாங்க.”

“பிறகென்ன, உடனே போடுங்கோவன்.”



“இங்க வந்து ஒரு வருசம் பொண்ணு ஸ்கூல்ல யாரோடயும் பேசல அண்ணே. இப்பதான் ஒரு சிநேகிதி பிடிச்சிருக்கா. நேத்து அந்தப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா.”

“ஓம் தம்பி” என்றேன். பிறகு அங்கே மழை எப்படி என்று கேட்டேன்.