ஐந்தருவித் தண்ணீரில் ஒரு நட்சத்திர மீன்

தென்காசியில் விலங்கியல் டீச்சராக இருப்பதில் உள்ள பெரிய அவஸ்தை, ஜன்னலில் மலையைப் பார்த்துக்கொண்டே கடலைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதுதான். பிள்ளைகளை வெளியூர் கூட்டிப்போய், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன சக ஆசிரியர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும். போன வருஷம் பிளஸ் டூ பெண்களை மணப்பாட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கடல் வற்றும்போது பாறைக்குழிகளில் தங்கிவிடும் உயிர்களைத் தொட்டுப் பார்த்துப் படிக்கலாம் என்று ஆசை.

வடகரை ஷமீமாவுக்கு மட்டும் அது சுற்றுலா இல்லை. தூத்துக்குடி போய்க் கடல் உயிரியல் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சார்ஜாவில் வேலை பார்க்கும் அவள் வாப்பாவோ, உள்ளூரிலேயே பி.காம். போதும் என்கிற கட்சி. அன்றைக்கு என் போனில் கூப்பிட்டு முடிவு சொல்வதாக இருந்தார்.

எண்ணெய்க் கூட்டம்

பஸ் ஏற வந்த பிள்ளைகளைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலை, கை, கால் எல்லாம் நல்லெண்ணெய் வழிகிறது! குற்றாலம் பக்கத்துக்காரிகளுக்கு வெளியே குளியல் என்றால் அருவி. அருவி என்றால் எண்ணெய் தேய்க்காமல் முடியுமா? அந்தக் கையைப் பாறைக்குழிக்குள் விட்டால் அங்குள்ள ஜீவன்கள் என்னத்துக்கு ஆகும்? போகிற வழியில் சீயக்காய்ப்பொடி வாங்கி, ஒரு குழாயடியில் நிறுத்தி எல்லாரையும் தேய்க்கச் சொன்னேன். கடல் மறுபடி ஏறிவிடுமே என்று நான் வாட்சைப் பார்த்துப் பார்த்து விரட்டுகிறேன். டிரைவர் அண்ணாச்சி ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு சாவகாசமாகக் கேட்டார்: "மீனைப் பாக்கப் போறீயளா டீச்சர், இல்ல இவளுவளையே பொரிக்கப் போறீயளா?"

நல்ல மனசு, நல்ல தண்ணி

ஆனால் பாறையில் இறங்கியதும் அசந்துபோனேன். வகுப்பில் கரப்பான்பூச்சிக்கு அலறுகிறவள், பூ மாதிரி விரிந்த கடல் சாமந்தி என்கிற உயிரிடம் விரலை நீட்டி அது மெல்லப் பற்றுவதை மூச்சுவிடாமல் பார்க்கிறாள். பாறையைப் புரட்டிப் பார்த்தவள், யாரும் சொல்லாமலே அதைப் பழையபடி வைக்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லாரும் பார்ப்பதற்காக ஒரு நட்சத்திர மீனைக் கடல்தண்ணீர்த் தட்டில் வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது துவண்டு கிடக்கிறது. பக்கத்தில் இன்னொரு மாணவி முத்துலட்சுமி, கையில் காலி பாட்டில். பாவம், இது உப்பில் கிடந்து தவிக்கிறதே என்று பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்! கடல் உயிருக்கு அது விஷமல்லவா? "கொலைகாரி, என்னட்டி ஊத்துன?" என்று பாய்ந்தேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "ஐந்தருவித் தண்ணி டீச்சர்... எனக்குன்னு வச்சிருந்தத ஊத்துனேன்."

காத்திருந்த வாப்பா

நான் திட்டி முடிப்பதற்குள் ஷமீமா அதைக் கடல்தண்ணீர் வாளிக்கு மாற்றிவிட்டாள். நிழலுக்கு நகர்த்தினாள். ஓடி ஓடிப் புதுத் தண்ணீர் மாற்றினாள். அழுத முத்துலட்சுமியையும் விடவில்லை, குடை பிடிக்க வைத்தாள். அந்த நேரம் பார்த்தா என் போன் அடிக்க வேண்டும்? வீடியோ காலில் வாப்பா. அவள் நிமிரக்கூட இல்லை. "இருங்க வாப்பா, இது பிழைக்குதான்னு பாத்துட்டுப் பேசுதேன்."

முடிவு

அடிப் பாவி, உன் படிப்பே இந்தப் போனில் தொங்குகிறதே! வேறு வழியில்லாமல் போனை வாளிக்கு நேரே பிடித்தேன். மனிதர் இணைப்பைத் துண்டிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து நட்சத்திர மீனின் ஒரு கை லேசாகச் சுருண்டது. ஷமீமா அதைப் பூப்போல மல்லாத்திப் போட்டாள். தெம்பு இருந்தால் தானாகவே குப்புறத் திரும்பும். ஒரு கையை ஊன்றியது, உடம்பை வளைத்தது, திரும்பியேவிட்டது! பெண்கள் போட்ட சத்தத்தில் என் காது அடைத்தது. வெட்கமில்லாமல் நானும் கத்தினேன்.

சத்தம் அடங்கியதும் போனில் அவர் கரகரத்த குரல்: "இங்கன தினமும் கடலைப் பாக்குதேன் தாயி. எனக்கும் ஊருக்கும் குறுக்க கிடக்குத தண்ணின்னுதான் அதும்மேல எனக்கு ஒரே ஆத்திரம். அதுக்குள்ள இப்படி உசுரு இருக்குன்னு நீதான் காட்டுத. போ, அதையே படி."

அன்றிலிருந்து வடகரையில் எந்தப் பெண் பி.காம். வேண்டாம் என்று அடம்பிடித்தாலும் பழி என் தலையில்தான் விழுகிறது. விழட்டும், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.