உள்ளங்கை எண்

கடலூர் துறைமுகத்தில் கணினி நிரல் எழுதும் வேலையில் நான் இருந்தபோது பழக்கமான ஒரு படகோட்டி. சட்டைப்பையில் பேனா உண்டு, காகிதம் கிடையாது. எந்த எண்ணையும் உள்ளங்கையில்தான் எழுதுவார். அன்று அவருடைய மச்சானின் படகு எஞ்சின் பழுதாகி நடுக்கடலில் நின்றுவிட்டது. அந்தப் படகின் ஜிபிஎஸ் கருவி அனுப்பிய பைட்டுகளைப் படித்த என் நிரலோ, படகு நார்வேயில் மணிக்கு எழுபத்தொன்பது மைல் வேகத்தில் ஓடுவதாகச் சொன்னது.

அவர் திரையில் விரல் வைத்தார். “நின்னுபோன போட்டுக்கு ஏது சார் வேகம்? எழுபத்தொம்போது நம்ம கடலு ஜிபிஎஸ்ல வர்ற நம்பராச்சே!”

அப்போதுதான் உறைத்தது. பேட்டரி அளவுக்குரிய நான்கு பைட்டுகளை நான் படிக்காமல் விட்டதால், அடுத்த எண்களெல்லாம் இடம் மாறி, தீர்க்கரேகை எண் வேகத்தின் இடத்தில் உட்கார்ந்திருந்தது. திருத்தியதும் சரியான இடம் வந்தது. அந்த இடத்தின் எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு ஓடினார். சாயங்காலம் மச்சானின் படகைக் கட்டி இழுத்து வந்தார்.

கடல் தண்ணீரில் அந்த எண் அன்றே அழிந்திருக்கும். சிதம்பரத்துக்கு வேலை மாறி வந்துவிட்ட பிறகும், இன்று எந்த நிரல் எழுதினாலும், சோதிக்க நான் கொடுக்கும் முதல் எண் அதுதான்.